மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10, ஆறு வாரம்: "மருந்து கேட்கலை" என்று எப்போது எழுதலாம்?

#1 கிராமத்து ஸ்டெத்

ஒரு மாதிரிக் கேஸ் வைக்கிறேன். குறிப்பிட்ட யாருடையதும் இல்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலைய ஓ.பி.யிலும் பார்க்கக்கூடியதுதான்.

42 வயதுப் பெண், தையல் வேலை. கை கால் குடைச்சல், தலைபாரம், நெஞ்சு படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. ஈ.சி.ஜி. நார்மல். பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம்) போட்டால் 17. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. + பதற்றத்தையும் தூக்கமின்மையையும் அடக்கும் குளோனாசெபாம் 0.5 மி.கி. சேர்ந்த மாத்திரை, இரவு ஒன்று. ஆறு வாரம் கழித்து மதிப்பெண் 14. "தூக்கம் வருது, மத்தபடி மருந்து கேக்கல" என்கிறார்.

டோஸை ஏற்றுவதா? மருந்தை மாற்றுவதா? நோயறிதலே தப்பா? மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடம் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

#2 மனநலம்84

மூன்று கேள்விக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த மாத்திரை வயிற்றுக்குள் போனதா? "சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்பார்கள். "போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு? விட்டுப்போறது சகஜம்தான்" என்று கேளுங்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள். முதல் வாரக் குமட்டலுக்குப் பயந்து பாதியில் நிறுத்தி, தூக்கம் கெட்ட நாளில் மட்டும் போட்டுக்கொள்வது மிகவும் சாதாரணம். சேர்ப்பு மாத்திரையில் அது இன்னும் எளிது: குளோனாசெபாம் அன்றைக்கே தூக்கத்தைக் கொடுத்துவிடும், எஸ்சிட்டலோபிராமோ விட்டு விட்டுப் போட்டால் சரியாக வேலை செய்யாது.

அடுத்தது, மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டியது: மேனியா, அதாவது சோர்வுக்கு நேர்மாறாக மனம் அளவுமீறிக் கிளர்ந்த காலம். பலர் "எப்பவாவது ரொம்ப சந்தோஷமா இருந்தீங்களா" என்று கேட்டுவிட்டு "இல்லை" என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. கல்யாணத்தன்றும்தான் சந்தோஷமாக இருப்பார்கள். கேட்க வேண்டியது தூக்கத்தையும் வேகத்தையும் பற்றி: "சேர்ந்தாற்போல் நாலு நாள், ஒரு வாரம், ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம்தான் தூங்கியும் அசதியே தெரியாம, வழக்கத்தைவிட அதிகமாப் பேசி, ஒரு வேலையை முடிக்காம இன்னொண்ணை எடுத்து, கையில இருந்த பணத்தை இறைச்சு, 'என்ன ஆச்சு உனக்கு'ன்னு வீட்டுல கேட்ட காலம் உண்டா?" இதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, கூட வந்தவரிடமும் கேட்க வேண்டும். அந்த நாட்களை நோயாளி "நல்லா இருந்த காலம்" என்றுதான் நினைவில் வைத்திருப்பார்.

நாலு நாள் நீடித்து, வேலையும் குடும்பமும் கெடாமல் போயிருந்தால் ஹைப்போமேனியா. ஒரு வாரம் நீடித்தால், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால், மேனியா. முதல் சோர்வு 25 வயதுக்கு முன்பே வந்தது, பிரசவம் முடிந்த கையோடு வந்தது, ரத்த சொந்தத்தில் யாருக்காவது இருதுருவ நோய், முன்பு கொடுத்த மனச்சோர்வு மாத்திரையில் நாலே நாளில் "பிரமாதமாகி" எரிச்சலும் சண்டையுமாக மாறியது: இதில் எது இருந்தாலும் டோஸை ஏற்றாமல் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்தீர்களா? ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, பி12. வேறு என்ன மாத்திரைகள், ஸ்டீராய்டு உண்டா, வீட்டில் யார் குடிக்கிறார்கள் (இவரையும் சேர்த்துக் கேளுங்கள், பெண் என்று தவிர்க்க வேண்டாம்).

#3 நடத்தைசிகிச்சை

17, 14 என்ற மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒன்பது கேள்விக்கும் தனித்தனி எண்ணை எடுங்கள். குறைந்த மூன்றில் இரண்டு தூக்கக் கேள்வியில், ஒன்று களைப்புக் கேள்வியில் என்றால், மனச்சோர்வு ஒரு அடிகூட நகரவில்லை. குளோனாசெபாம் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு கேள்விகள், அதாவது நாட்டமின்மையும் மனம் தாழ்ந்திருப்பதும், 3-இல் இருந்து 2-க்காவது வந்தனவா என்பதுதான் செய்தி.

அந்தப் படிவத்தை நிரப்பும் விதத்திலும் தப்பு நடக்கிறது. வரிசையில் நிற்கிறவரிடம் தாளைக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டுக் கொடுப்பார். வாசித்துக் கேட்டால், "பல நாட்கள்", "பாதி நாட்களுக்கு மேல்" இரண்டும் கேட்பவர் காதில் ஒன்றாகத்தான் விழும். "போன பதினாலு நாளில் எத்தனை நாள்?" என்று கேட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்: ஒன்றுமில்லை 0, சில நாள் 1, ஏழு நாளுக்கு மேல் 2, அநேகமாகத் தினமும் 3. மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய எல்லை. 15-இல் நடுத்தரத்தைத் தாண்டிவிடும், 20-இல் கடுமை.

மதிப்பெண்ணை வைத்து மட்டும் நோயைத் தீர்மானிக்கக் கூடாது. ஒன்பது அறிகுறியில் ஐந்து, அதில் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம், இரண்டு வாரம் அநேகமாகத் தினமும், அதனால் வேலையோ வீடோ கெட்டிருக்க வேண்டும். ரத்தசோகைக்காரருக்குக் களைப்பு, தூக்கம், பசி, கவனம், மந்தம் எல்லாம் சேர்த்து 10 தாராளமாக வரும்.

#4 மருந்தாளுநர்

சேர்ப்பு மாத்திரை பற்றி ஒரு நடைமுறைச் சிக்கல். எஸ்சிட்டலோபிராமை 20 ஆக்க நினைத்து "இரண்டு போடுங்கள்" என்று எழுதினால் குளோனாசெபாமும் 1 மி.கி. ஆகிவிடும். குளோனாசெபாமைக் குறைக்க நினைத்துப் பாதியாக உடைத்தால் எஸ்சிட்டலோபிராம் 5 ஆகிவிடும். ஒன்று ஏற வேண்டிய நேரத்தில் மற்றது இறங்க வேண்டும். ஒரே மாத்திரைக்குள் இருந்தால் நடக்காது. முதல் நாளிலிருந்தே தனித்தனியாக எழுதினால் செலவு சில ரூபாய் கூடலாம், ஆனால் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, கை கால் குடைச்சலுக்கு இவர் கடையில் என்ன வாங்குகிறார்? டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்றால் எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு (எஸ்சிட்டலோபிராம் சேர்ந்த மருந்து வகை) சேர்ந்து இரைப்பை ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும். டிராமடால் என்றால் செரோடோனின் மிகையாகும் ஆபத்து: நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, கண்பாவை விரிவு, கால் துள்ளல். காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

#5 கிராமத்து ஸ்டெத்

நன்றி. கேஸை முழுமையாக்குகிறேன். வாரத்தில் ஒருநாள் விடுகிறார், அதற்கு மேல் இல்லை. மேனியாக் கேள்விக்குக் கணவரும் "அப்படி இல்லை". டி.எஸ்.எச். 3.1. ஹீமோகுளோபின் 8.6, மாதவிடாய் ஏழு நாள், அதிகப் போக்கு. கடையில் டைக்ளோஃபெனாக், வாரம் நாலைந்து. பி.எச்.க்யூ குறைந்த மூன்றும் தூக்கம், களைப்பு மட்டுமே. ஒன்பதாம் கேள்வி, அதாவது சாவு பற்றிய எண்ணம், 1.

#6 மனநலம்84

அப்படியென்றால் இது "மருந்து கேட்காத" கேஸே இல்லை. சரிசெய்ய வேண்டியவை கண்முன்னாலேயே இருக்கின்றன.

8.6 ஹீமோகுளோபினோடு எந்த மனச்சோர்வு மாத்திரையும் களைப்பைப் போக்காது. இரும்புச்சத்து தொடங்குங்கள், போக்கின் காரணத்தை மகப்பேறு ஓ.பி.யில் பார்க்கட்டும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. ரத்தத் தட்டணுக்களின் செரோடோனினைக் குறைப்பதால் போக்கையும் சற்றுக் கூட்டலாம். அதன் மேல் டைக்ளோஃபெனாக். முதலில் அதை நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

எஸ்சிட்டலோபிராமைத் தனியாக்கி, காலையில் 15, ஒரு வாரம் கழித்து 20. நாலு வாரம் பாருங்கள். குளோனாசெபாமை இந்த ஏற்றம் நடக்கும் முதல் வாரத்தில் தொடாதீர்கள், பிறகு இறக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் அசைத்தால் எது எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

65 வயதுக்கு மேல் என்றால் 10-க்கு மேல் போக வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தையசைடு சாப்பிடும் முதியவர் என்றால் இரண்டு வாரத்தில் சோடியம் பாருங்கள். குழப்பமும் தள்ளாட்டமுமாக வருவதை "சோர்வு முற்றிவிட்டது" என்று எண்ணி டோஸை ஏற்றுவது நடக்கிறது. சோடியம் 118 இருக்கும்.

#7 வெள்ளைக்கோட்டு

டோஸ் ஏற்றத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எஸ்.எஸ்.ஆர்.ஐ.களில் டோஸுக்கும் பலனுக்கும் உள்ள உறவைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், அதே வகையைச் சேர்ந்த ஃப்ளுவாக்செட்டின் கணக்குப்படி 20 முதல் 40 மி.கி. வரைதான் பலன் ஏறுகிறது. அதற்கு மேல் கோடு படுத்துவிடுகிறது, பாலுறவுக் குறைபாடும் குமட்டலும் மட்டும் ஏறுகின்றன. நாலு வாரத்தில் துளி முன்னேற்றமும் இல்லாதவர் அதே மருந்தில் எட்டாவது வாரம் எழுவது குறைவு. ஆறு வாரமாகிவிட்டது. செர்ட்ராலினுக்கோ மிர்ட்டாசெபினுக்கோ மாற்றுவதே சரி.

#8 மனநலம்84

கோடு படுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஸ்சிட்டலோபிராம் 10 என்பது ஃப்ளுவாக்செட்டின் 20-க்கு அருகே. 20 என்பது 40-க்கு அருகே. ஆகவே ஒரு படி ஏற்றுவது நீங்கள் சொல்லும் எல்லைக்குள்தான் வருகிறது. 20-ஐத் தாண்டி 30 என்று போவோரைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். "ஆறு வாரம்" என்பதும் வாரம் ஒருநாள் விட்டு, ரத்தசோகையோடு போன ஆறு வாரம். இரண்டையும் சரிசெய்து ஒரு படி ஏற்றி நாலு வாரம் பார்ப்பது ஒரு நியாயமான வாய்ப்பு. பிறகும் பாதி குறையாவிட்டால் நீங்கள் சொன்னபடி மாற்றலாம்.

ஸ்டார்-டி என்ற பெரிய மனச்சோர்வு மருந்து ஆய்வில் முதல் மருந்திலேயே முழுக்கத் தெளிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஆகவே மாற்ற நேர்வது தோல்வி இல்லை. இதை முதல் நாளிலேயே நோயாளியிடம் சொல்லிவிட்டால் அடுத்த முறை வருவார்; சொல்லாவிட்டால் வேறு டாக்டரிடம் போவார், அங்கே மீண்டும் அதே எஸ்சிட்டலோபிராம் 10 வேறு பெயரில் தொடங்கும்.

#9 வெள்ளைக்கோட்டு

சரி, ஒரு படி என்றால் எதிர்ப்பில்லை. மாற்றும்போது: எஸ்சிட்டலோபிராமில் இருந்து செர்ட்ராலினுக்கு, 20-ஐ ஒரு வாரம் 10 ஆக்கி, அடுத்த நாள் காலை செர்ட்ராலின் 50. வாரம் ஒருமுறை 50 ஏற்றலாம், உச்சம் 200. இதய நோயாளிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பெரும்பாலும் இதுதான் முதல் தேர்வு. சாப்பாடு இறங்காமல் எடை குறைந்து தூக்கமும் கெட்டவருக்கு மிர்ட்டாசெபின் 15 இரவில். சர்க்கரையும் பருமனும் உள்ளவருக்கு அதைத் தவிர்க்கலாம், எடை ஏறும். வெண்லாஃபாக்சின் என்றால் ஒவ்வொரு வருகையிலும் பி.பி.

ஃப்ளுவாக்செட்டினில் இருந்து மாறும்போது மட்டும் அவசரம் வேண்டாம், அது உடம்பில் வாரக்கணக்கில் நிற்கும். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஃப்ளுவாக்செட்டினும் பராக்செட்டினும் கூடாது. டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவமாக மாற்றும் நொதியை இவை அடைத்துவிடும்.

இன்னொரு பழக்கம்: அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் எழுதிவிட்டு "மனச்சோர்வு சிகிச்சை" என்று பதிவது. 10, 25 எல்லாம் வலிக்கும் தூக்கத்துக்குமான அளவு. மனச்சோர்வுக்கு 75-இல் இருந்துதான் பேச்சு. அந்த அளவில் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. மொத்தமாக விழுங்கினால் உயிராபத்து. ஒன்பதாம் கேள்வி பூச்சியம் இல்லாதவரிடம் ஒரு மாத அமிட்ரிப்டிலின் கொடுத்தனுப்பக் கூடாது.

#10 நடத்தைசிகிச்சை

ஒன்பதாம் கேள்வி 1 என்று ஒரே வரியில் கடந்துவிட்டோம், அது சரியில்லை.

1 என்றாலும் அன்றைக்கே, கூட வந்தவரை வெளியே உட்காரவைத்து, நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்ட நிம்மதியில் அழுவார்கள், அவ்வளவுதான். "வாழ்ந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதா?" அடுத்து, "உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கா?" அடுத்து, "எப்படின்னு யோசிச்சீங்களா, அதுக்கு ஏதாவது எடுத்து வெச்சீங்களா, முன்னாடி முயற்சி பண்ணியிருக்கீங்களா?" முதல் கேள்வியோடு நின்றால் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். திட்டமும் ஏற்பாடும் இருந்தால் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அன்றே உள்நோயாளியாகச் சேர்க்க வசதியுள்ள இடத்துக்கு.

இடைப்பட்டவர்களுக்கு ஒரு தாளில் அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள்: எண்ணம் வருவதற்கு முன் என்ன நடக்கிறது, தனியாக என்ன செய்தால் சற்று அடங்கும், யாரிடம் பேசலாம், யாரை அழைக்கலாம். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் எடுப்பார்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, பழைய மாத்திரை மூட்டை எல்லாம் அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். இதைக் குடும்பத்தில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். மருந்து ஒரு வாரத்துக்கு மட்டும். 25 வயதுக்கு உட்பட்டவருக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கினால் முதல் வாரமே திரும்ப வரச் சொல்லுங்கள். படபடப்பும் அமைதியின்மையும் கூடி இந்த எண்ணம் தீவிரமாகலாம்.

முயற்சி செய்து வந்தவரிடம் போலீஸ் பயம் காட்டி மறைக்க வைப்பது இன்னும் நடக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

#11 குளிசை

யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து ஒரு குறிப்பு. கேஸில "நெஞ்சு படபடப்பு, விடிய மூன்று மணி முழிப்பு" எண்டு இருக்கு. கனவு கண்டு முழிக்கிறாவோ எண்டு கேட்டீங்களோ? எங்கட ஆக்கள் "பெருமூச்சு வருது", "நெஞ்சு பாரம்", "யோசினை" எண்டுதான் சொல்லுவினம். சோர்வு எண்ட சொல்லே வராது. படிவம் போட்டா மனச்சோர்வுக்குரிய புள்ளி வரும், குளிசை தொடங்குவினம். அதுக்குக் கீழ இருக்கிறது போர்க்கால அதிர்ச்சியாவோ, காணாமல் போன பிள்ளையின்ர துயராவோ இருக்கும்.

கேக்க வேண்டியது மூண்டு: நடந்த சம்பவம் திரும்பத் திரும்பக் கனவிலயோ கண்ணுக்கு முன்னாலயோ வருதோ, அதை நினைவுபடுத்திற இடம், ஆள், சத்தத்தைத் தவிர்க்கினமோ, எப்பவும் திடுக்கிட்டபடி இருக்கினமோ. ஓம் எண்டால் குளோனாசெபாம், அல்பிரசோலாம் வகை வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்திய கோளாறில அவை உதவுறேல்ல, பழக்கம்தான் மிஞ்சும். துயரைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின்ர நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 ஆறு மாதத்தைத் தாண்டி, அந்தச் சமூகத்தின்ர வழக்கத்தையும் மிஞ்சிப் போனாத்தான் நோய் எண்டு சொல்லுது. காணாமல் போனவருக்கு ஈமச்சடங்கே நடக்காத குடும்பத்தில அந்த ஆறு மாதத்தை எப்ப இருந்து எண்ணுறது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. அங்க மருந்தை விட, இருக்கிறாரா இல்லையா எண்ட கேள்வியோட வாழ உதவுற ஆள்தான் தேவை. இலங்கையில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம் 1926.

#12 கிராமத்து ஸ்டெத்

நன்றி ஐயா, அதைக் கேட்கும் வழக்கமே இல்லாமல் இருந்தது. இரண்டு சந்தேகம். படபடப்பை பேனிக் என்று எப்போது சொல்வது? பேச்சு சிகிச்சை இல்லாத இடத்தில் "நடைப்பயிற்சி போங்க" என்பதைத் தாண்டி என்ன சொல்வது?

#13 வெள்ளைக்கோட்டு

பேனிக் என்றால் சில நிமிடத்தில் உச்சிக்குப் போகும் பயம்: மூச்சுமுட்டல், வியர்வை, கை மரத்தல், "இதோ செத்துடுவேன்". பெரும்பாலும் அரை மணிக்குள் தானே இறங்கிவிடும். ஒரு தாக்குதல் நோய் ஆகாது. அடுத்தது எப்போது வருமோ என்ற பயமோ, அதனால் பஸ், சந்தை, தனியாகக் குளிப்பது எல்லாவற்றையும் தவிர்ப்பதோ ஒரு மாதம் நீடித்தால்தான் பேனிக் கோளாறு. நாள் முழுக்க மெல்லிய படபடப்போடு எல்லாவற்றுக்கும் கவலைப்படுவது ஆறு மாதம் ஓடினால் அது பொதுப் பதற்றக் கோளாறு. 42 வயதில் சர்க்கரையோ புகையோ இருந்தால், ஒரு நார்மல் ஈ.சி.ஜி.யை வைத்து மட்டும் இதயத்தை விட்டுவிட வேண்டாம்.

பேனிக் உள்ளவருக்கு எஸ்சிட்டலோபிராம் 10-இல் தொடங்கினால் முதல் நாலு நாளில் படபடப்பு இன்னும் ஏறும். மருந்தைத் தூக்கி எறிவார். 5-இல் தொடங்கி ஒரு வாரம், "முதல் வாரம் கொஞ்சம் கூடும், பிறகு இறங்கும்" என்று சொல்லி அனுப்புங்கள்.

அதோடு ஓ.சி.டி.யையும் (வேண்டாத எண்ணமோ செயலோ திரும்பத் திரும்ப வரும் நோய்) தேடுங்கள். கை கழுவுவது எல்லோருக்கும் தெரியும். சாமி கும்பிடும்போது அசிங்கமான எண்ணம், குழந்தையைக் குத்திவிடுவேனோ என்ற பயம், இவற்றை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். "வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து சித்திரவதை பண்ணுதா" என்று கேட்டால்தான் வெளியே வரும். அங்கே கணக்கே வேறு: டோஸ் உச்சத்துக்கு அருகே, ஃப்ளுவாக்செட்டின் 60, செர்ட்ராலின் 200 வரை, பலன் பார்க்க பன்னிரண்டு வாரம். மேலே சொன்ன "கோடு படுக்கும்" வாதம் ஓ.சி.டி.க்குப் பொருந்தாது.

#14 நடத்தைசிகிச்சை

"நடைப்பயிற்சி போங்க" ஏன் வேலை செய்வதில்லை? மனம் எழுந்தால் போவேன் என்று அவர் காத்திருக்கிறார், மனம் எழவே இல்லை. செயலைத் தூண்டும் முறையில் வரிசை தலைகீழ்: முதலில் செயல், மனம் பின்னால் வரட்டும். இதைப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே செய்யலாம். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர் ஆலோசகர்களை வைத்து ஆறு முதல் எட்டு அமர்வில் நடத்தியது 2017-இல் லான்செட்டில் வந்தது. கடும் மனச்சோர்விலும் பலன் கிடைத்தது. ஜிம்பாப்வேயில் மரத்தடி பெஞ்சில் பாட்டிமார் உட்கார்ந்து செய்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

முதல் வாரம், மணிவாரியாக என்ன செய்தார், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று குறிக்கச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் செவிலியரிடம் வாயால் சொல்லலாம். "நாள் முழுக்க ஒரே மாதிரி" என்பார். தாளில் 2-உம் 5-உம் இருக்கும். அந்த 5 எங்கே வந்தது என்று பாருங்கள்: பக்கத்து வீட்டுக்காரரோடு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்த அரை மணி என்றால் அதுதான் மருந்து. இரண்டாம் வாரம் அதில் ஒன்று, விட்டுப்போன வேலையில் ஒன்று, நாளும் நேரமும் இடமும் குறித்து. மிகச் சிறியதாக: "தையல் மிஷினைத் துடைத்து ஒரே ஒரு பிளவுஸுக்கு ஓரம் அடிப்பது, செவ்வாய் பத்து மணி." முழு பிளவுஸ் என்று வைத்தால் முடிக்க மாட்டார், "பார்த்தீங்களா என்னால முடியல" என்று அதுவே சோர்வுக்குச் சாட்சியாகிவிடும்.

#15 மருந்தாளுநர்

பேச்சோடு பேச்சாக: "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி ஃப்ளூபென்டிக்சாலும் மெலிட்ராசெனும் சேர்ந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோர் உண்டு. ஃப்ளூபென்டிக்சால் மனச்சிதைவுக்கான மருந்து. கை நடுக்கமும் வாய் தானாக அசைவதும் வந்தால் அதற்கு இன்னொரு மாத்திரை சேர்ப்பதற்கு முன் இதைத் தேடுங்கள்.

#16 மனநலம்84

சரியான இடத்தில் சொன்னீர்கள். மேனியாக் கேள்விக்கு "ஆமா" வந்தால் என்ன என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார், இங்கேயே சொல்கிறேன். எஸ்.எஸ்.ஆர்.ஐ.யைத் தனியாகக் கொடுக்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் இருதுருவ நோய்க்கான லித்தியம் தொடங்கினால், பின்தொடர்வது உங்கள் பொறுப்பாக வரும். ரத்த அளவு, கடைசி டோஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக உயரும். டோஸ் மாறினால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து. நிலைப்படுத்த 0.6 முதல் 0.8. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், டி.எஸ்.எச்., கால்சியம்.

அக்னி நட்சத்திரத்தில் வயலில் வியர்ப்பவர், நோன்பு, வயிற்றுப்போக்கு, பி.பி.க்காகத் திடீரென்று உப்பை நிறுத்துவது, மேலே சொன்ன அதே டைக்ளோஃபெனாக், எனலாப்ரில், தையசைடு: எல்லாமே அளவை ஏற்றும். கை நடுக்கம் தடித்து, பேச்சு குழறி, நடை தள்ளாடி, வாந்தியோடு வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே அளவு பார்க்க வசதியுள்ள இடத்துக்கு. 1.5-க்கு மேல் நச்சு. நெடுநாள் சாப்பிடுபவருக்கு அதற்குக் கீழேயே அறிகுறி வரலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு "லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனைத் தொல்லை" என்று வால்ப்ரோயேட்டுக்கு மாற்றாதீர்கள். கருவில் பெருங்குறை ஏறக்குறைய பத்தில் ஒன்று, வளர்ச்சிக் குறைபாடு அதைவிட அதிகம்.

#17 கிராமத்து ஸ்டெத்

கேஸுக்குத் திரும்பினால்: எஸ்சிட்டலோபிராம் 15, பிறகு 20, இரும்பு, டைக்ளோஃபெனாக் நிறுத்தம், ஒரு வார மருந்து மட்டும், செவ்வாய் பத்து மணித் தையல். சரியாகிவிட்டால் எப்போது நிறுத்தலாம்? குளோனாசெபாமை எப்படி இறக்குவது?

#18 மனநலம்84

முழுக்கத் தெளிந்த நாளிலிருந்து எண்ணி ஆறு முதல் ஒன்பது மாதம், அதே டோஸ். தெளிவு என்பது பி.எச்.க்யூ 5-க்குக் கீழ். 9-இல் நின்றவரைத் தெளிந்தவர் என்று எழுதாதீர்கள், திரும்பி வருவது அவர்தான். இரண்டாம் மூன்றாம் முறை வந்தவருக்கு இரண்டு ஆண்டாவது. நிறுத்தும்போது 20, 10, 5 என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நாலு வாரம். நெடுநாள் சாப்பிட்டவருக்கு அதைவிட நீளமாக. டோஸைப் பாதியாக்கினால் மூளையில் அதன் வேலை பாதியாவதில்லை, கீழே போகப்போகத்தான் சரிவு செங்குத்தாகும். அதனால் 5-இல் இருந்து பூச்சியத்துக்குப் போகும் கடைசிப் படிதான் கடினம். தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி, கிறுகிறுப்பு, எரிச்சல் இரண்டு மூன்று நாளில் வந்தால் அது மருந்து விடுபடுவதன் அறிகுறி. வாரங்கள் கழித்து மெல்ல நாட்டமின்மை ஏறினால் நோய் திரும்புகிறது.

#19 மருந்தாளுநர்

குளோனாசெபாம்: ஆறு வாரம் 0.5 என்றால் 0.25 இரண்டு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் 0.25 ஒரு வாரம், நிறுத்து. அதன் ஆயுள் நீளம் என்பதால் இந்த ஒருநாள் விட்டு ஒருநாள் முறை தாங்கும். அல்பிரசோலாமுக்கு இதைச் செய்யாதீர்கள். அது சீக்கிரம் இறங்கிவிடும், விட்ட நாளில் படபடப்பு எகிறும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம்தான். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். குடிப்பழக்கமும் இருந்தால் வெளிநோயாளியாக இறக்க வேண்டாம்.

அல்பிரசோலாம், சோல்பிடெம் இரண்டும் எச்-1 பட்டியல். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, பதிவேடு மூன்று ஆண்டு இருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டிக் கேட்கிறவரை வெறுமனே திருப்பி அனுப்பினால் இன்னொரு கடை. அவர் வாங்கிய தேதியையும் அளவையும் கடைக்காரர் ஒரு துண்டில் எழுதி உங்களிடம் அனுப்பினால் இறக்கத் தொடங்கலாம்.

#20 கிராமத்து ஸ்டெத்

0.25 கிடைக்காவிட்டால்?

#21 மருந்தாளுநர்

0.5-இன் சாதாரண மாத்திரையில் நடுக்கோடு இருந்தால் உடைக்கலாம். நாக்கில் கரையும் வகையை உடைக்க வேண்டாம், அட்டையைப் பிரித்ததுமே பொடியாகும், மீதிப் பாதி மறுநாள் வரை ஈரம் தாங்காது. சீட்டில் "நாக்கில் கரையாத வகை, பாதி" என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள், கடையில் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள்.